சொசைட்டி மகாசபைக்குப் போனால் எவர்சில்வர் தூக்கைத் தவிர என்ன கிடைக்கும்?

கேள்வி இது: "அலுவலகக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிறது. மகாசபை, கூட்டுறவு வார விழா, மரம் நடுதல், உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசு என்று ஏதாவது ஓர் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் சும்மா விளம்பரமா, இல்லை போவதில் பலன் உண்டா?"

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஆசிரியை. சொசைட்டியில், அதாவது உறுப்பினர்களே சேமித்து உறுப்பினர்களே கடன் வாங்கும் இந்த மாதிரிச் சங்கத்தில், சேர்ந்து இருபத்தாறு வருடம். முதல் பத்து வருடம் நானும் அங்கே கொடுக்கும் தூக்குக்காகத்தான் மகாசபைக்கு, அதாவது உறுப்பினர்களின் வருடாந்திரக் கூட்டத்துக்குப் போனேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சமையலறையில் சங்கத்தின் பெயர் வெட்டிய சம்புடம் மூன்று, தூக்கு இரண்டு, ஒரு ஹாட்பாக்ஸ் இருக்கின்றன. மாவு கரைப்பது அந்தப் பெரிய தூக்கில்தான்.

மகாசபை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நீள மேஜை போட்டு வருகைப் பதிவேடு வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டால் டோக்கன், டோக்கனைக் கொடுத்தால் பொருள். ஒரு வருடம் பொருளைக் காலையிலேயே கொடுத்துவிட்டார்கள். செயலாளர் வரவு செலவு அறிக்கையை எடுத்து வாசிக்கும்போது மண்டபத்தில் முன் இரண்டு வரிசையும், பந்திக்கு இலை போடுகிறவர்களும்தான் இருந்தோம். அடுத்த வருடம் உஷாராகிவிட்டார்கள். நன்றியுரை முடிந்த பிறகுதான் பொருள் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது, ஆனால் எல்லோர் பார்வையும் மேடைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மேல்.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு சார் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டி, செலவுப் பக்கத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பேரவைக் கூட்டச் செலவு, அதாவது மகாசபைச் செலவு. "டீச்சர், நம்ம டிவிடெண்டுக்கு வரவேண்டியதுல வாங்கி நமக்கே பரிசுன்னு கொடுக்கிறாங்க. கொஞ்சம் கனமான பாத்திரமா வாங்கியிருக்கலாம்" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல்முறையாக முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. சங்கம் நடத்துகிற எந்த நிகழ்ச்சியும் இலவசம் இல்லை. வங்கி நாள்காட்டி கொடுத்தால் அது வங்கிப் பணம். சொசைட்டி கொடுப்பது நம் பங்குத் தொகையிலும், கடனுக்கு நாம் கட்டிய வட்டியிலும் வந்த பணம். அதனால் விருந்தாளி மாதிரி போய் உட்காராமல், கல்யாண வீட்டுக்காரர் பந்தியைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லா நிகழ்ச்சியும் ஒரே தரம் இல்லை. சிலவற்றுக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

மரம் நடுவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எங்கள் சங்கக் கட்டட காம்பவுண்டில் ஒரே மூலையில் குறைந்தது நான்கு தடவை மரக்கன்று நட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற யாரும் பொறுப்பில்லை. போட்டோ மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

கூட்டுறவு வார விழா கொஞ்சம் பரவாயில்லை. வருடா வருடம் நவம்பர் 14 முதல் 20 வரை நாடு முழுக்க நடப்பது. ஏழு நிறக் கொடி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். இதில் பாதி நேரம் பொன்னாடைக்கே போய்விடும். ஆனாலும் ஒரு வருடம் பேச வந்த ஓய்வுபெற்ற கூட்டுறவு அதிகாரி ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடன் சங்கம் என்ற யோசனையே பட்டினியில் பிறந்தது என்று ஆரம்பித்தார். ஜெர்மனியில் 1846-47 பஞ்சத்தில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் மக்களைச் சேர்த்து ரொட்டிக்கு வழி செய்தார். அதிலிருந்து வளர்ந்து கிராமக் கடன் சங்கமாக ஆனது. இங்கே கந்துவட்டிக்கு என்ன மாற்று என்று பார்த்துவர மதராஸ் அரசாங்கம் ஃபிரெடெரிக் நிக்கல்சனை அனுப்பியது. அவர் பெரிய அறிக்கையாக எழுதிக் கொடுத்ததன் சாரம் "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்" என்பதுதான். 1904-ல் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் வேளாண் கடன் சங்கம், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கம், திருவல்லிக்கேணியில் பண்டகசாலை என்று மூன்றும் தொடங்கிவிட்டன. நாட்டிலேயே பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்துடையது. பட்டுக்கும் இட்லிக்கும் பேர்போன ஊருக்கு இந்தப் பெருமையும் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

இதை என் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் டெக்சாஸில் இருக்கிறான், அங்கே ஒரு கிரெடிட் யூனியனில், அதாவது அந்த ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில், உறுப்பினர். அவர்கள் "பேப்பர் கிழிக்கும் நாள்" நடத்துகிறார்களாம். பழைய பில், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் பெட்டியில் கொண்டுபோனால் பெரிய லாரியில் போட்டு அரைத்துக் கொடுப்பார்கள், கூடவே ஒரு டோனட். நம் ஊரில் அதே பேப்பரை எடைக்குப் போட்டு ஈயச்சட்டி வாங்கியிருப்போம். சரி, விஷயம் அது இல்லை. அமெரிக்காவில் கிரெடிட் யூனியன் இயக்கத்துக்குத் தன் பணத்தையும் காலத்தையும் கொடுத்தவர் எட்வர்ட் ஃபைலீன் என்ற பாஸ்டன் வணிகர். அவர் 1907-ல் இந்தியா வந்தபோது கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை நேரில் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணத்தோடு ஊர் திரும்பினார். "அப்போ டோனட்டுக்கு நாங்கதான் காரணம்னு சொல்லு" என்றேன்.

விழாவைப் பற்றி என் எண்ணம் மாறியது 2018-ல். அந்த வருடமும் நவம்பர் 14 அன்று கொடி ஏற்றினார்கள். 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து வெளியே வந்தால் எங்கள் தெருவில் வானம் அதிகமாகத் தெரிந்தது, அவ்வளவு தென்னையும் சாய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓடு பாதி இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கானது. ஆசிரியர் என்றால் சம்பளம் வருமே என்பார்கள். வரும்தான். ஏடிஎம் வேலை செய்ய வேண்டுமே. அதோடு எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு மாதச் சம்பளத்தை விடத் தோப்புதான் ஆதாரம்.

அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் ஒரு நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். மீதி விழாவை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் தார்ப்பாய் வாங்கினார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சங்க எழுத்தர் டூவீலரில் வந்தார், பின்னால் ஓர் இயக்குநர், மடியில் பாலித்தீன் பையில் சுற்றிய விண்ணப்பக் கட்டு. அவசரக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இரண்டு வேண்டும். ரோட்டில் மரம் கிடக்கும்போது யாரைத் தேடிப் போவது? அதே தெருவில் இருக்கிற உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் போட்டால் போதும் என்று தீர்மானம் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் ஐந்து பேர் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டோம். ஒரு பேனாதான் எழுதியது. 25,000 ரூபாய். கூரை ஓட்டுக்கு அது போதவில்லை, ஆனால் முதல் லோடு வந்து இறங்கியது அந்தப் பணத்தில்தான்.

பன்னாட்டுக் கூட்டுறவுக் கூட்டணி 1995-ல் மான்செஸ்டரில் கூடி ஏழு கொள்கைகள் வகுத்தது. ஏழாவது, சமூகத்தின் மீது அக்கறை. சங்க அலுவலகச் சுவரிலும் எழுதியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரக்கன்று நினைவுக்கு வராது, அந்தப் பாலித்தீன் பைதான் வரும். ஆனால் அவ்வளவு வேகமாக முடிவெடுக்க முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018-ல் தேர்தல் நடந்து, எங்களில் ஒருவரே தலைவராக இருந்தார். 2023-ல் அந்த நிர்வாகக் குழுக்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு நியமித்த அதிகாரிகளான செயலாட்சியர்கள் வந்தார்கள். எங்கள் சங்கத்துக்கு வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு எங்கள் தெரு தெரியாது.

பிள்ளைகளுக்கான பரிசளிப்பு எனக்குக் கொஞ்சம் சிக்கலான விஷயம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் அதிக மதிப்பெண் எடுத்த உறுப்பினர் பிள்ளைகளை மேடையில் கூப்பிட்டு ரொக்கமும் சான்றிதழும் கொடுப்பார்கள். என் மகள் வாங்கியபோது ஆயிரம் ரூபாய். அவள் பெயரை மைக்கில் சொன்னபோது என் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கழித்து மகன் ஐடிஐ சேர்ந்தான். அவனுக்கு அந்த மேடையில் இடமில்லை. எல்லோரும் சேர்ந்து கட்டுகிற பணத்தில் முதல் மதிப்பெண் பிள்ளைகளுக்கு மட்டும் பரிசு என்பது ஆசிரியர் புத்தி. சங்க புத்தி இல்லை. இதை எழுதிக் கொடுத்தேன். "பரிசீலிக்கப்படும்" என்றார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது மகாசபைக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் போயே ஆக வேண்டியது அது ஒன்றுதான். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கூட்டுறவு வங்கிகளில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. நம் சிக்கன நாணயச் சங்கத்தில் போட்டிருக்கும் பணத்துக்கு அது கிடையாது. அங்கே காவல் என்பது தணிக்கையும், வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற உறுப்பினர்களும்தான். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அறிக்கைப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் புரியாவிட்டால் பரவாயில்லை. தவணை தவறிய கடன் போன வருடத்தை விடக் கூடியிருக்கிறதா, நமக்குக் கடன் கொடுப்பதற்காக மத்தியக் கூட்டுறவு வங்கியில் சங்கம் வாங்கியிருக்கும் கடன் எவ்வளவு, தணிக்கையில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நாம் எல்லோரும் கடைசியில் பார்க்க வேண்டியதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

கேட்டால் என்ன ஆகும் என்று நினைப்பீர்கள். ஒரு மகாசபையில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்று எட்டு மாதம் ஆகியும் பங்குத் தொகையும் சிக்கனச் சேமிப்பும் கைக்கு வரவில்லை. ஓய்வுபெற்றுவிட்டதால் அவர் உறுப்பினரே இல்லை, பேச முடியாது என்று மேடையிலிருந்து சொன்னார்கள். மண்டபம் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அவங்க பேசக்கூடாதுன்னா நான் பேசுறேன், நான் மெம்பர்தான்" என்று எழுந்து அதே கேள்வியை வரிக்கு வரி கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். நானும்தான், கால் நடுங்கிக்கொண்டு. ஓய்வுபெறுகிறவர்களுக்கு 60 நாளில் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் பந்திக்குப் போனோம். சாம்பார் ஆறிப்போயிருந்தது. டீச்சருக்கு அடுத்த மாதமே காசோலை வந்துவிட்டது.

உங்களுக்கு இந்த வருட அழைப்பிதழ் வரும்போது அதோடு அறிக்கைப் புத்தகம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். போன தடவை என்னிடம் "கூட்டத்தன்னைக்குத் தருவோம் டீச்சர்" என்றார்கள். சரி, இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். நான்காவது தாளில் இருக்கும்போது புத்தகம் வந்துவிட்டது.