படப்பெட்டி: ஆண்டை முன்னால் போடுங்கள்

படங்களைக் கணினியில் அடுக்குவது பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதி, ஏற்கெனவே பதில் சொன்னவைதான். சரி, இன்னொரு தடவை.

போல்டர்களுக்குத் திகதியைப் பெயராக வைத்தேன். 15-01-2023க்குப் பக்கத்தில் 15-08-2019 வந்து நிற்கிறது. (வெள்ளவத்தை)

நாளை முன்னால் போட்டால் அப்படித்தான் நிற்கும். 2023-01-15 என்று திருப்புங்கள்.

கணினியில் ஒழுங்காக இருக்கும் படங்கள் ரீவியில் 1, 10, 11, 2 என்று வருகின்றன. (கொட்டாஞ்சேனை)

001, 002 என்று பெயரிடுங்கள்.

2006 மே மாதம் அக்காவின் கலியாணத்தை இரண்டு கமராக்களில் எடுத்தோம். நேரப்படி அடுக்கினால், ஒன்றில் தாலி கட்டி அரை மணி கழித்து மற்றதில் மறுபடி கட்டுகிறார்கள். (பம்பலப்பிட்டி)

அதற்கு முந்திய ஏப்ரலில்தான் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குத் தள்ளினார்கள். பிந்திக் கட்டும் கமராவில் யாரோ கடிகாரத்தை மாற்ற மறந்திருக்கிறார்கள். அதன் படங்களில் மட்டும் எக்ஸிப் நேரத்தை, அதாவது கமரா படத்துக்குள் பதியும் நேரத்தை, 30 நிமிடம் குறையுங்கள். எக்ஸிப்டூல் என்ற மென்பொருளில் ஒரே கட்டளைதான். பெயர் மாற்றுவது அதற்கு அப்புறம். எல்லாவற்றையும் பிரதியில் செய்யுங்கள், அசலில் கை வைக்காதீர்கள்.

கனடாவிலிருந்து சித்தி 400 பழைய படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாம் ஒரே திகதி. போனில் இடமில்லை என்று அசலை அழித்துவிட்டாராம். எப்படி ஆண்டுவாரியாகப் பிரிப்பது? (தெஹிவளை)

வாசித்ததும் தலையில் கை வைத்தேன். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், எடுத்த நேரத்தையும் இடத்தையும் துடைத்துவிடும். எச்டி என்று அனுப்பினாலும் சுருக்கம் சுருக்கம்தான். பெயரில் நீங்கள் பார்ப்பது படம் உங்கள் போனுக்கு வந்த நாள். எத்தனை தடவை எழுதிவிட்டேன்: ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அசலை அழிக்காதீர்கள்!

எனக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. மகள் காலிமுகத்திடலில் முதன்முதல் பட்டம் விட்ட படம் வட்ஸ்அப்பில் வந்த பிரதியாக மட்டும்தான் மிஞ்சியது. பெருப்பித்தால் பட்டத்தின் வால் கட்டம் கட்டமாகக் கரைகிறது. அவள் காலில் கிடந்த சிவப்புச் செருப்பை வைத்துத்தான் ஆண்டையே பிடித்தேன். உங்களுக்கும் அதே வழிதான்: சித்தியை வீடியோ அழைப்பில் பிடித்து, உடுப்பையும் ஆட்களையும் பார்த்துப் பிரியுங்கள். அதற்கு முன் ஒன்று. அவர் போனில் கூகுள் போட்டோஸ் காப்பு இருந்து, அழித்து 60 நாள் ஆகாவிட்டால், குப்பைத் தொட்டியில் அசல் கிடக்கும். இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கான் செய்த ஆல்பம் முழுக்க இந்த ஆண்டைக் காட்டுகிறது. (மட்டக்குளி)

அது ஸ்கான் செய்த நாள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 1978-00-00 என்று பெயரிடுங்கள், வரிசை குலையாது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். பென்சிலில் யாராவது ஊரும் பேரும் எழுதியிருப்பார்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா? (கொழும்பு 13)

யுனிகோட் (போனில் தட்டும் தமிழ்) என்றால் தாராளமாக. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். கோப்பின் பெயரோடு எழுத்துரு ஒட்டி வராது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது.

படங்களைக் காணவில்லை, அவசரம். (பெயரில்லை, ஊரில்லை)

எதில் காணவில்லை? போனிலா, கார்டிலா, கணினியிலா? அதை எழுதுங்கள். கார்ட் என்றால், அதில் புதிதாக ஒரு படமும் எடுக்காமல் கழற்றி வையுங்கள்.