மெதுவாகிவிட்ட லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: நான் குரோம்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2017-இல் மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை இன்றும் பயன்படுத்துகிறேன். இப்போதெல்லாம் அதை இயக்கினால் திரை தயாராகப் பத்து நிமிடம் ஆகிறது. காப்பி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பும் வருகிறது. அருகிலுள்ள கடையில் காட்டினேன். “மதர்போர்டு போய்விட்டது. இரண்டு நாள் விட்டுச் செல்லுங்கள், ஃபார்மட் செய்து பார்க்கிறோம். சரிவராவிட்டால் 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு புதியது தருகிறோம்” என்றார்கள். பேத்தியின் படங்களும், பள்ளி ஆண்டு மலர்களுக்காக வானவில் எழுத்துருவில் நான் தட்டச்சு செய்த கட்டுரைகளும் அதில்தான் உள்ளன. விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள் ஐயா. இரண்டு நாள் விட்டுச் செல்லவும் வேண்டாம்.

மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை, போன லேப்டாப் இப்படிப் பத்து நிமிடம் கழித்துத் திறப்பது அரிது. அது பெரும்பாலும் திறக்கவே திறக்காது. விளக்கு எரியாது, அல்லது எரிந்து உடனே அணையும். உங்களுடையது தாமதமாக எழுந்தாலும் எழுந்து வேலை செய்கிறது. தட்டிப் பார்க்காமல், திறந்து பார்க்காமல் “மதர்போர்டு” என்று சொன்னவர் பழுதைச் சொல்லவில்லை, விலை பேசத் தொடங்கியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள் என்பது கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

எது மெதுவாக இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். லேப்டாப் முழுமையாகத் திறந்த பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பெட்டி வரும். அது சிறியதாக இருந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தொடுங்கள். மேலே சிபியு, மெமரி, டிஸ்க் என்று பத்திகள் தெரியும். எதையும் செய்யாமல் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருங்கள். டிஸ்க் பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். 2017-இல் நடுத்தர விலையில் விற்ற லேப்டாப்களில் பெரும்பாலும் சுழலும் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. நிமிடத்துக்கு 5,400 சுற்று. இசைத்தட்டின் மேல் முள் ஓடுவதைப்போல ஒரு சிறு கை அந்தத் தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடும். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் நூறு இடங்களிலிருந்து தகவல் கேட்கிறது. அந்தக் கை எங்கே ஓடும்? எஸ்எஸ்டி எனப்படும் புதிய வகைச் சேமிப்பில் சுழல்வதும் ஓடுவதும் கிடையாது. அதை மாற்றினாலே உங்கள் பத்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

மெமரி பத்தி எண்பது, தொண்ணூறு என்று நின்றால் ரேமும், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகமும், போதவில்லை. அப்போது 4 ஜிபி போட்டு விற்றார்கள். இன்று 8 வேண்டும். ரேம் விலை சமீபத்தில் ஏறியிருக்கிறது, ஆகவே முதலில் எஸ்எஸ்டி. அதற்குப் பிறகும் திணறினால் ரேம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு நகல். படங்களையும் கட்டுரைகளையும் வெளியே எடுக்காமல் ஸ்க்ரூ டிரைவர் அந்த லேப்டாப்பைத் தொடக்கூடாது. நகல் எடுக்கும்போது உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பவரிடம் கொண்டு செல்லுங்கள். நகலுக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை ரசீதுடன் வாங்குங்கள். நடைபாதையிலும் இணையத்திலும் ‘2 டிபி பென் டிரைவ்’ என்று சில நூறு ரூபாய்க்கு விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பல 32 ஜிபிகூட இல்லாதவை. கணினியில் செருகினால் 2 டிபி என்று பொய் சொல்லும்படி உள்ளே எழுதிவைத்திருப்பார்கள். படங்கள் போவதுபோலவே காட்டும். பிறகு திறந்தால் முதலில் போன படங்கள் மட்டும் இருக்கும், மற்றவை சாம்பல் நிறக் கட்டங்களாக இருக்கும். அதற்குள் மூலத்தை அழித்திருப்பீர்கள்.

இனி நான் சொல்லப்போவது எல்லோருக்கும் தேவைப்படாது. உங்களுக்குத் தேவை. வானவில் எழுத்துரு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள்தான் கிடக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. நீங்கள் ‘ஆசிரியர்’ என்று அடித்தது திரையில் ஆசிரியராகத் தெரிகிறது என்றால், அந்தக் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதனால் மட்டுமே. கடைக்காரர் ஃபார்மட் செய்வார், அதாவது டிஸ்கை முழுவதும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவார். “டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்துவைத்துவிட்டோம் சார்” என்பார். உண்மையாகவே எடுத்தும் வைத்திருப்பார். ஆனால் எழுத்துரு இருப்பது டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் அன்று. சி டிரைவில், விண்டோஸ் என்ற கோப்புறைக்குள், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதை யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திறந்தால் பக்கம் முழுவதும் விநோதக் குறிகளும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பை.

நங்கநல்லூரிலிருந்து ஓர் அம்மா இப்படித்தான் ஒரு பென் டிரைவுடன் வந்தார். கணவர் எழுதிய கோயில் வரலாற்றுக் குறிப்புகள். கணவர் காலமாகிவிட்டார். ஃபார்மட்டுக்குப் பிறகு கோப்புகள் புரியாத ஆங்கிலமாகத் தெரிந்ததால் வைரஸ் என்று நினைத்து, மற்றவற்றையும் அது கெடுத்துவிடும் என்று பயந்து, பாதிக்கு மேல் அழித்துவிட்டிருந்தார். மீதியைத் திறந்து, எழுத்துருவை ஏற்றி, முதல் வரி தமிழில் தெரிந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அழித்தவையும் இப்படியே வந்திருக்குமா என்று கேட்டார். வந்திருக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கட்டுரை ஒன்றைத் திறந்து தமிழ் வரியின்மேல் கர்சரை வையுங்கள். மேலே எழுத்துருவின் பெயர் தெரியும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளில் வேறுவேறு எழுத்துரு பயன்படுத்தியிருப்பீர்கள், நான்கைந்து கோப்புகளையாவது பாருங்கள். பிறகு ஃபான்ட்ஸ் கோப்புறையில் அதே பெயர்களைத் தேடி, எக்ஸ்டர்னல் டிஸ்கில் கட்டுரைகள் இருக்கும் இடத்திலேயே நகலெடுத்து வையுங்கள். பின்னொரு நாள் பொறுமையாக அமர்ந்து அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கே தனி எண்கள் ஒதுக்கிய பொதுக் குறியீட்டு முறை அது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதன் பிறகும் எத்தனையோ அலுவலகங்களும் அச்சகங்களும் பழைய எழுத்துருவிலேயே கேட்டு வாங்கின. அந்தச் சுமைதான் இன்று உங்கள் வீட்டு லேப்டாப்பில் கிடக்கிறது. மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒன்று வைத்திருக்கிறது. மாற்றியதும் ‘ர்’ வரும் இடங்களைச் சரிபாருங்கள். சில எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரப் புள்ளியெழுத்தும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொண்டிருந்ததால் அங்கே பிழை விழும். தமிழாசிரியர் கண்ணுக்கு அது தப்பாது.

நகல் முடிந்ததா? இப்போது கடை. சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகலாம், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கைத்திறனும் நேர்மையும் உள்ளவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். வாசலில் நின்று “என்ன சார் வேண்டும்” என்று கையைப் பிடித்து இழுப்பவரின் பின்னால் மட்டும் போகாதீர்கள். அவருக்குச் சொந்தக் கடை இல்லை. உங்களை எந்தக் கடையில் கொண்டுபோய் விடுகிறாரோ அங்கே அவருடைய தரகும் உங்கள் ரசீதில் ஏறும். மேசை மேல் லேப்டாப்கள் திறந்து கிடக்க, குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும் ஆள் உள்ள கடையாகப் பாருங்கள். “என் முன்னாலேயே எஸ்எஸ்டி மாற்றித் தர முடியுமா?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். முடியாது என்றால் அடுத்த கடை. அடி மூடியைக் கழற்றி மாற்றுவது பெரும்பாலும் அரைமணி வேலை, விண்டோஸ் ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம். அதற்கு இரண்டு நாள் எதற்கு? அந்த இரண்டு நாளில் உங்கள் ரேம் பாதியாகலாம், நல்ல பேட்டரி பழைய பேட்டரி ஆகலாம். யாரையும் திருடர் என்று சொல்ல வரவில்லை. எண்ணிப் பார்க்காமல் கொடுத்ததை எண்ணிக் கேட்க முடியாது.

மூடியைக் கழற்றியதும் விசிறியின் தூசியையும் ஊதி எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுதிக்கும் வெயிலுக்கும் அது பாதி அடைத்திருக்கும்.

விண்டோஸ் ஏற்றத் தனியாக உரிமப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்டோஸுடன் சேர்த்து விற்கப்பட்ட லேப்டாப் என்றால் உரிம எண் மதர்போர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புதிய எஸ்எஸ்டியில் அதே பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாகவே அங்கீகரித்துக்கொள்ளும். கொடுக்க வேண்டியது கூலி மட்டுமே. உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோலக் காட்டும் ‘ஆக்டிவேட்டர்’ என்று எதையோ ஓடவிட்டு, அதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வருபவன் எதற்காக வருகிறான்?

அடுத்து விண்டோஸ் 10. அந்த அறிவிப்பு உண்மைதான். 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் உங்கள் லேப்டாப்பின் சிப்பை அது பெரும்பாலும் ஏற்காது. இன்டெல் சிப் என்றால், ஐ3, ஐ5 என்பதையடுத்து வரும் நான்கு இலக்க எண் 7 அல்லது அதற்குக் கீழான எண்ணில் தொடங்கினால் இடமில்லை, 8-இல் தொடங்கினால் உண்டு. 2017-இல் கடையில் புத்தம் புதிதாக விற்றதை 2021-இல் வந்த விண்டோஸ் தள்ளிவைக்கிறது. நான்கே ஆண்டு! இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய இயந்திரத்தை ஓர் அட்டவணையில் பெயரில்லை என்று குப்பைக்கு அனுப்பச் சொல்வதை நான் முன்னேற்றம் என்று ஏற்க மாட்டேன். மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் தெருக்கோடி மெக்கானிக் இன்றும் ஒரு கீலுக்காகவும் பேட்டரிக்காகவும் உடைந்த லேப்டாப்களைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கு இரண்டு வழி. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் பணமில்லாமலே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் பிறகு, அல்லது இப்போதே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். இலவசம். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. மின்கட்டணம் கட்டுவதும், படம் பார்ப்பதும், தமிழில் தட்டச்சு செய்வதும் அதில் தடையின்றி நடக்கும். தடைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

விண்டோஸ் 10 பற்றிய அறிவிப்பைப் போலவே ஒரு போலி, திரையை முழுக்க அடைத்துக்கொண்டு அலறலாம்: ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று. மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் எண் கொடுத்து அழைக்கச் சொல்லாது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். யார் சொன்னாலும் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவாதீர்கள். தவறிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் ரசீது வேண்டும், ஜிஎஸ்டி எண்ணுடனும் எஸ்எஸ்டியின் வரிசை எண்ணுடனும் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கையில் வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். “எக்ஸ்சேஞ்சில் 200 ரூபாய் கழிக்கிறோம்” என்பார்கள். அதில் உங்கள் பேத்தி இருக்கிறாள், ஆதார் நகல் இருக்கிறது, வங்கிக் கணக்கு அறிக்கைகள் இருக்கின்றன. வெறுமனே அழித்தால் அவை அழிவதில்லை. ஒரு தடித்த காகித உறையில் போட்டு, மேலே தேதியையும் ‘பழைய லேப்டாப்’ என்பதையும் எழுதிப் பீரோவில் வையுங்கள். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.