பொருட்காட்சிக்குப் போகுமுன்: கேட்டதும் சொன்னதும்

பொங்கல் நெருங்கினால் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். பத்தமடைப் பாய் விற்கும் ஒரு மகளிர் குழுவுக்காக இருபது வருஷத்துக்கு மேல் சென்னைக் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு உட்கார்ந்தவள் நான். சென்னையின் பல பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

அக்கா, தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் பசங்களோடு போகணும். எந்த நாள் நல்லது? (பெரம்பூர்)

எந்த நாள் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்: காணும் பொங்கல். அன்றைக்கு ஊரே மெரினாவில் இருக்கும். அங்கே இடம் கிடைக்காத மீதி ஊர் தீவுத்திடலுக்கு வரும். எந்தக் கண்காட்சியிலும் தொடங்கின வாரம் பாதி அரங்கில் ஆணி அடிக்கும் சத்தம்தான் கேட்கும், அதனால் முதல் வாரமும் வேண்டாம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஒரு செவ்வாய் அல்லது புதன், சாயங்காலம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ராட்டினத்தில் வரிசை இருக்காது, கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும்.

பெரம்பூரிலிருந்து காரை எடுக்காதீர்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி மன்றோ சிலை பக்கம் நடந்தால் போதும். போகிற வழியில் அந்தச் சிலையின் குதிரையில் சேணமும் அங்கவடியும் (கால் வைக்கிற வளையம்) எங்கே என்று பசங்களைத் தேடச் சொல்லுங்கள். இருக்காது. இரண்டுமே இல்லாமல்தான் சிலையை வடித்திருக்கிறார்கள்.

கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பையனும் இருக்கிறார்கள். என்னென்ன எடுத்துப் போகணும்? (கொளத்தூர்)

தண்ணீர், தொப்பி, கொசுவுக்குத் தடவ ஏதாவது (கூவம் பக்கத்திலேயே ஓடுகிறது). பையனின் முன்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். நுழைந்ததும் ஒரு பெரிய அடையாளத்தைக் காட்டி, "தொலைஞ்சா இங்க வந்து நில்லு" என்று சொல்லி வையுங்கள். டெல்லி அப்பளத்தைக் கடைசியில் வாங்குங்கள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளைக்கு முன்னால் போகிற அம்மா தெரிய மாட்டாள்.

யூபிஐ இருந்தால் போதும்தானே? (வேளச்சேரி)

போதாது. கூட்டம் சேர்ந்தால் நெட்வொர்க் படுத்துவிடும். நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தறி கண்காட்சி என்று போர்டு இருந்தது, ஆனால் விசைத்தறிப் புடவையைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது மாமி? (மேற்கு மாம்பலம்)

உங்களுக்கு மட்டும் இல்லை, துணிக்காரர்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்த நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். போர்டை நம்ப வேண்டாம், துணியைத் திருப்புங்கள். தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் ஊசி வைத்த கோலால் இழுத்துப் பிடிப்பார்கள். அதனால் கைத்தறிப் புடவையில் கரையோரமாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அது ஒன்றே சாட்சி ஆகிவிடாது. நெசவு எல்லா இடத்திலும் அச்சடித்தாற்போல ஒரே சீராக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கை நெய்தால் அங்கங்கே இழை லேசாக ஏறி இறங்கும்.

காஞ்சிபுரம் பட்டு என்றால் கோர்வையைப் பாருங்கள். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (குறுக்கு இழையை ஓட்டுகிற கட்டை) ஓட்டி, இரண்டையும் நெய்யும்போதே பின்னிச் சேர்ப்பதுதான் கோர்வை. உடல் நிறமும் கரை நிறமும் சேருமிடத்தில் பல் பல்லாகக் கோத்திருப்பது கண்ணுக்கே தெரியும். பட்டா என்று சந்தேகமா? முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைக் கேட்டு வாங்கி, வெளியே போய்க் கொளுத்துங்கள். முடி கருகின வாசனை வந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். இழை தர மாட்டேன் என்று முறைக்கிற கடையில் வாங்க வேண்டாம். சில்க் மார்க் அட்டை இழை பட்டா என்பதை மட்டும்தான் சொல்லும், கைத்தறியா என்று சொல்லாது. அதற்கு ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்புவதில் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு.

புவிசார் குறியீடு என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறார்களே, நம்பலாமா? (கிண்டி)

நீங்கள் கிண்டியிலிருந்து கேட்கிறீர்கள், நாட்டுக்கே அந்தக் குறியீட்டைப் பதிவு செய்கிற அலுவலகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது! தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, சுவாமிமலை வெண்கலம், பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் குறியீடு ஊருக்கும் தொழிலுக்கும் சேர்ந்தது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதைவிட, "இதை யார் செஞ்சது, எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். செய்தவரோ அவர் வீட்டாரோ ஸ்டாலில் இருந்தால் பதில் நிற்காமல் வரும், சொந்தக் கஷ்டமும் சேர்ந்து வரும். வாங்கி விற்பவர் உடனே விலைக்குத் தாவுவார்.

பத்தமடைப் பாய் ஒரு கடையில் சில நூறு, பக்கத்துக் கடையில் பல ஆயிரம். ஏன்? (அண்ணா நகர்)

என் சொந்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் வெட்டிய கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நீளவாக்கில் கீறுவார்கள். எவ்வளவு சன்னமாகக் கீறுகிறார்களோ அவ்வளவு விலை. சாதாரணப் பாயில் கோரை குச்சி குச்சியாகத் தெரியும். நயம் பாயில் நூலா கோரையா என்று விரலுக்கே தெரியாது, புடவை மாதிரி மடியும். பொண்ணு மாப்பிள்ளை பெயரை நெய்து கொடுக்கிற கல்யாணப் பாய் இந்த வகை. ஒரு பாய்க்குள் வாரக்கணக்கான வேலை இருக்கிறது. ஸ்டாலில் சில பேர் அதைத் தரையில் போட்டுச் செருப்புக் காலோடு மிதித்து "சும்மா வழவழன்னு இருக்கே" என்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தை முகர்ந்து பாருங்கள். காய்ந்த புல் வாசனை வரணும். பிளாஸ்டிக்கிலும் இதே டிசைன் வந்துவிட்டது. வீட்டில் மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும்.

ஒரு வயதுக் குழந்தைக்கு மரப்பொம்மை வாங்கலாமா? சாயம் வாயில் போகாதா? (திருவான்மியூர்)

கர்நாடகாவின் சென்னபட்டணா பொம்மை என்றால் தாராளமாக. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். அப்புறம் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஆனால் அதே உருவத்தில் சாதாரணப் பெயின்ட் அடித்ததும் விற்கிறது. ஈரக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் வைத்துவிடுங்கள்.

கல்சட்டி வாங்க ஆசை. ஆனால் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (மயிலாப்பூர்)

சரியாகத்தான் பயமுறுத்துகிறார்கள். என் முதல் கல்சட்டியை வாங்கி வந்த அன்றே அடுப்பில் ஏற்றி வத்தக்குழம்பு வைத்தேன். "டப்" என்று ஒரு சத்தம். அடியில் மயிரிழை மாதிரி விரிசல், குழம்பு ஒழுகி அடுப்பை அணைத்துவிட்டது. பாதிச் சமையலில் என் மாமியார் வாசலில் நின்று பார்த்த பார்வை இருக்கிறதே!

அது மாக்கல், பழக்கித்தான் எடுக்கணும். உள்ளும் புறமும் மஞ்சள்தூள் குழைத்த எண்ணெயைத் தடவி ஒருநாள் ஊறவிடுங்கள். அப்புறம் ஒரு வாரம் பத்து நாள், சோறு வடித்த சூடான கஞ்சியைத் தினமும் அதில் ஊற்றி, தானாக ஆறட்டும். அதன் பிறகு அடுப்பில் சின்னத் தீயில் கஞ்சியோடு ஏற்றுங்கள். குழம்பு எல்லாம் அதற்கடுத்துதான். வாங்கும்போது தூக்கிப் பிடித்து விரல் கணுவால் தட்டுங்கள்: கணீர் என்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். ஊறுகாய் ஜாடிக்கும் இதே சோதனைதான்.

கேரட்டைப் பூவாக வெட்டுகிற அந்தக் கருவி... (பல்லாவரம்)

வேண்டாம். அது விற்கிற ஆள் கைக்கு மட்டும்தான் வெட்டும். கேரட்டை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள், தந்து நீங்களும் வெட்டினால் வாங்குங்கள். எங்கள் வீட்டுப் பரணில் மூன்று இருக்கிறது.

பேரம் பேசலாமா? கடைசி நாளில் போனால் மலிவா கிடைக்குமா? (தாம்பரம்)

பிளாஸ்டிக், போர்வை, பாத்திரம் என்றால் பேசுங்கள். செய்தவரே உட்கார்ந்திருந்தால் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். இரண்டாக வாங்கி "சேர்த்துப் போட்டுக் கொடுங்கம்மா" என்றால் அவரே குறைப்பார்.

கடைசி நாள் விஷயம் உண்மைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. பட்டுப் புடவையையும் வெண்கலத்தையும் மடித்துச் சுற்றி ஊருக்கு எடுத்துப் போய்விடலாம், யாரும் விலையை இறக்க மாட்டார்கள். ஜாடி, கல்சட்டி, மண்பானை, பெரிய பொம்மை இவற்றையெல்லாம் திரும்ப லாரியில் ஏற்ற ஒருத்தருக்கும் மனசு வராது. அரங்கில் விளக்கை அணைக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்க் கேளுங்கள். பையும் பழைய செய்தித்தாளும் நீங்களே கொண்டு போங்கள், அந்நேரத்தில் அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.