ஒரு நாள்தான் இருக்கிறதா? நியூபோர்ட்டுக்குப் போங்கள்

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக மே மாதம் பாஸ்டன் போகிறோம். அமெரிக்காவில் முதலில் குடியேறிய யூதர்களைப் பற்றி ஆர்வமாகப் படித்து வருகிறேன். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். அந்தக் காலத்தை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: பலரும் நியூயார்க்கைச் சொல்வார்கள். கதை தொடங்கியது அங்கேதான். பிரேசிலின் ரெசிஃபே நகரை டச்சுக்காரர்களிடமிருந்து போர்ச்சுகீசியர்கள் மீட்டதும், அங்கிருந்து தப்பிய 23 யூதர்கள் 1654-இல் நியூ ஆம்ஸ்டர்டாமில் (நியூயார்க்கின் அன்றைய பெயர்) வந்து இறங்கினார்கள். ஆளுநர் ஸ்டைவசன்ட் அவர்களைத் துரத்தப் பார்த்தார். அவர்கள் இருக்கலாம், ஆனால் தங்கள் ஏழைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1655-இல் அந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சுக் கம்பெனி உத்தரவு போட்டது. ஆனால் அங்கே 1730-இல் கட்டிய முதல் ஜெப ஆலயம் (யூதர்களின் வழிபாட்டிடம்) இன்று இல்லை. சைனாடவுன் பக்கம் ஒரு சிறிய பழைய கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. அதையும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

அதனால் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டுக்கே போங்கள் என்பேன். பாஸ்டனிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்குள்ள டூரோ ஜெப ஆலயம் 1763-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ஜெப ஆலயக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது.

உள்ளே போகுமுன் தெருவிலேயே கொஞ்சம் நில்லுங்கள். கட்டடம் தெருவுக்கு நேராக இல்லாமல் சாய்வாக நிற்கும். யூதர்களின் வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை ஜெருசலேமை நோக்கிக் கிழக்கே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். வெளியே அலங்காரமே இல்லை. உள்ளே பெண்கள் அமர்ந்த மாடத்தைப் பன்னிரண்டு தூண்கள் தாங்குகின்றன. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை அவை குறிப்பதாகச் சொல்வார்கள்.

ஆரோன் லோபஸ் என்ற பெயரை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். போர்ச்சுகலில் யூதர் என்பதை மறைத்து வாழ்ந்தவர், 1752-இல் இங்கே வந்தபிறகுதான் வெளிப்படையாக யூதராக வாழ்ந்தார். திமிங்கலக் கொழுப்பு மெழுகுவர்த்தி, கப்பல் என்று வியாபாரம் பெருகியது. அடிமை வியாபாரத்திலும் பணம் போட்டார், அதை மறைக்கக் கூடாது. இந்த ஆலயம் எழுந்துகொண்டிருந்தபோதே, 1762-இல், ரோட் ஐலண்ட் அவருக்குக் குடியுரிமை தர மறுத்தது. அவர் பக்கத்து மாசசூசெட்ஸில் போய் வாங்கினார். ஆலயம் கட்டிக்கொள்ள அனுமதி, குடியுரிமைக்கு மறுப்பு: அன்றைய யூதர்களின் நிலை அதுதான்.

இது தெரிந்தால்தான், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் இந்தச் சபைக்கு எழுதிய கடிதம் புரியும். 1790 ஆகஸ்டில் அவர் நியூபோர்ட் வந்தபோது, சபையின் சார்பில் மோசஸ் செயிஷஸ் வரவேற்பு மடல் எழுதினார். மதவெறிக்கு இடம் தராத, துன்புறுத்தலுக்குத் துணை போகாத அரசு என்ற அவருடைய வார்த்தைகளையே எடுத்து வாஷிங்டன் பதில் எழுதினார். ஒரு கூட்டத்தார் பெரியமனது பண்ணி இன்னொரு கூட்டத்தாரைப் பொறுத்துக்கொள்ளும் பேச்சே இனி இல்லை என்றும் அதில் சொன்னார். புகழ் எல்லாம் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. எனக்கு செயிஷஸ்தான் பெரியவராகத் தெரிகிறார். கேட்டவர் அவர்தானே!

சரி, போகும் நாள். சனிக்கிழமை ஓய்வுநாள், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மே, ஜூன் வாக்கில் ஷவுவோத் என்ற யூதப் பண்டிகையும் வரும், அன்றும் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள் என்பதால் நேரத்தை இணையத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். அப்புறம், கொஞ்ச தூரத்தில் 1677-இல் வாங்கிய யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடந்தே போகலாம்.