மலைநாட்டுக் குளிரில் வீட்டுச் சவர்க்காரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி: "வீடியோவில் காட்டிய மாதிரியே செய்தேன், ஆனால் வரவில்லை." அந்த வீடியோக்கள் பெரும்பாலும் வெயில் ஊர்களில் எடுத்தவை. நம்முடைய குளிரும் ஈரமும் அவர்கள் கணக்கில் இல்லை.

தேங்காயெண்ணெயில் கோஸ்டிக் சோடா (எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் கடும் காரம்) கரைத்த கரைசலை ஊற்றிக் கலக்கினேன். ஐந்து நிமிடத்திலேயே கெட்டியாகிவிட்டது. சந்தோஷமாக அச்சில் ஊற்றினேன். காலையில் பார்த்தால் மேலே வெள்ளைக் கொழுப்பு, அடியில் தண்ணீர்! (தலவாக்கலை வாசகி)

உங்கள் கலவை சவர்க்காரமாகிக் கெட்டியாகவில்லை அம்மா, எண்ணெய்தான் உறைந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் சுமார் 24, 25 பாகை செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். தை மாதத்துக் காலையில் உங்கள் குசினி எத்தனை பாகையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த சட்டி, குளிர்ந்த எண்ணெய், குளிர்ந்த கரைசல் மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஏமாற்றும்.

உண்மையிலேயே பதம் வந்த கலவை வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். கரண்டியில் எடுத்து மேலே கோடு போட்டால் அந்தக் கோடு கொஞ்ச நேரம் நின்று மெதுவாக அமிழும். உறைந்த எண்ணெய் அப்படியில்லை, குருணை குருணையாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். திரும்ப நீர்த்துப்போனால் பதம் இன்னும் வரவில்லை.

கலவையைக் கொட்டிவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு கொழுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சொட்டு விடாமல் சட்டியில் சேர்த்து, வெந்நீரின் மேல் வைத்து உருக்கி, மறுபடியும் கலக்குங்கள். அடுத்த முறை எண்ணெயும் கரைசலும் 40 முதல் 45 பாகையில் இருக்கும்போது சேர்க்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் இரண்டு பாத்திரத்தின் வெளிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். நல்ல சூடாக, ஆனால் கை பொறுக்கும்படி இருக்க வேண்டும். ஊற்றிய அச்சை ரெஜிபோம் பெட்டியில் வைத்து மூடி, மேலே பழைய கம்பளியைப் போர்த்திவிடுங்கள். குளிரில் விட்டால் மேலே வெண்மையாகச் சலவைச் சோடாத் தூள் படியும். கெடுதல் இல்லை, துடைத்தால் போய்விடும், பார்வைக்குத்தான் அழகில்லை.

கப் கணக்கில் ஒரு சுலபமான அளவு சொல்லுங்களேன். (பண்டாரவளை)

கப் கணக்கு மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இங்கே எல்லாமே நிறைதான், தண்ணீர் உட்பட. ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் கோஸ்டிக் சோடா வேறு வேறு. ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்.

முதல் முறைக்கு இது போதும்: தேங்காயெண்ணெய் 350 கிராம், நல்லெண்ணெய் 100, ஆமணக்கெண்ணெய் 50, கோஸ்டிக் சோடா 77, தண்ணீர் 160. முழுக் கணக்குப்படி 84 கிராம் அளவு சோடா போகும். 77 மட்டும் போடுவதால் சுமார் 8 வீத எண்ணெய் மாறாமல் மிஞ்சும். தோலை வறட்டாமல் காப்பது அதுதான். வெறும் தேங்காயெண்ணெயில் செய்கிறவர்கள் 500 கிராமுக்கு 73 கிராம் சோடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் அழுக்கை மட்டுமல்ல, தோலின் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். அதனால் மிச்சம் 20 வீதமாவது இருக்கட்டும்.

தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது, சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை போட்டு, காற்றோட்டமான இஸ்தோப்பில் கரையுங்கள். பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். உடம்பில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். வினாகிரி ஊற்றுவது வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். மிச்சக் கரைசலைக் குடிக்கும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கோஸ்டிக் சோடா இரசாயனம்தானே? அடுப்புச் சாம்பலில் செய்தால் முழு இயற்கையாக இருக்காதா? (மஸ்கெலியா)

காரம் இல்லாமல் சவர்க்காரமே இல்லை. அளவு சரியாக இருந்தால் சோடா முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரமும் கிளிசரினுமாக மாறிவிடும், கட்டியில் சோடாவாக எதுவும் மிஞ்சாது. சாம்பல் நீரில் இருப்பது பொற்றாசியக் காரம். அதில் வருவது கட்டியாகாத, களிபோன்ற சவர்க்காரம். அதைவிட, ஒரு அடுப்புச் சாம்பலின் வீரியம் இன்னொன்றில் இருக்காது. யூகலிப்டஸ் விறகா, தேயிலைக் கவ்வாத்துக் குச்சியா என்பதைப் பொறுத்து மாறும். பாத்திரம் தேய்க்கச் சரி. முகத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரசாயனமே வேண்டாம் என்றால் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இருக்கின்றனவே.

வாங்கி வைத்த சோடா கட்டிபிடித்துவிட்டது. பாவிக்கலாமா? (வெலிமடை)

வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்திருக்கும், நிறுத்தாலும் கணக்கு தவறும். குழாய் அடைப்பு நீக்க வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும்போது இறுக்கமான மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள்.

ஆறு கிழமை காய வைத்தும் சவர்க்காரம் வேர்க்கிறது. (ஹட்டன்)

எந்த மாதம் செய்தீர்கள் என்று எழுதவில்லை. ஆனியா ஆடியா? தென்மேற்கு மழை அடைத்துப் பெய்யும்போது ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் துணியே காயாது, சவர்க்காரம் எங்கே காயும்? அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதுதான் வேர்வை. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் மழையில்லை, நன்றாகக் காயும். அவர்களுக்கு ஐப்பசிக்குப் பிறகுதான் மழைத் தொல்லை.

உங்களுக்கு மாசி, பங்குனி தோது. மழைக்காலத்தில்தான் செய்ய வேண்டுமென்றால் எட்டுக் கிழமை வையுங்கள். கட்டிகள் ஒன்றையொன்று தொடாமல் மூங்கில் தட்டில் அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது உண்மை, புகை வாடையும் சேர்ந்தே வரும்.

தேயிலைச் சாயமும் கறுவா எண்ணெயும் சேர்க்கலாமா? (கொட்டகலை)

சாயம் சேர்க்கலாம். நன்றாக ஆறவைத்துத் தண்ணீருக்குப் பதிலாக அதில் சோடாவைக் கரையுங்கள். கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். பழுப்பு நிறம் நிற்கும், தேயிலை வாசம் மட்டும் நிற்காது. தோட்டத்துத் தேயிலை என்று சொல்லி விற்க நிறமே போதும்! கறுவா இலை எண்ணெயும் கராம்பு எண்ணெயும் தோலை எரிக்கும், அதிலுள்ள யூஜினோல் கலவையைச் சட்டியிலேயே கட்டியாக்கிவிடும். செரா (எலுமிச்சைப் புல்) எண்ணெய் நல்லது. 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் போதும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். நுரையே வரவில்லை என்கிறாள். இங்கே நன்றாக நுரைக்கிறது. (இராகலை)

உங்கள் சவர்க்காரத்தில் குறையில்லை. நம் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் தரை, கிணற்று நீரில் கல்சியம் அதிகம். அது சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாகத் திரைதிரையாகப் படியும். அக்காவுக்கென்று தனியாகச் செய்வதானால், மேலே சொன்ன அளவுக்கு 10 கிராம் சிற்றிக் அமிலத்தை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு, சோடாவை 77க்குப் பதில் 83 கிராம் போடுங்கள். அந்த 6 கிராம் அமிலத்துக்கே போய்விடும். இரண்டும் சேர்ந்து உண்டாகும் சிற்றேற்று என்ற உப்பு, கல்சியத்தைப் பிடித்து வைக்கும். நம் ஊரில் நுரைக்கும் அளவுக்கு நுரைக்காது, ஆனால் திரைவது நன்றாகக் குறையும்.