வெளியே இணையதளம், அலுவலகத்துக்குள் டேட்டாபேஸ்: இணைப்பது எப்படி?

ஹோஸ்டிங்கில் உள்ள தளத்திலிருந்து அலுவலகத்தின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வரை 192.168.1.20 என்ற முகவரியில் அழைத்தால் இணைப்பு கிடைக்கவில்லை என்கிறீர்கள். கிடைக்காது. 192.168 என்று தொடங்குவது வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

ரூட்டரில் மைஎஸ்க்யூஎல்லுக்கான வாசலான 3306 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்வார்கள். வேண்டாம், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிடும். அலுவலகக் கணினியிலிருந்தே தளம் இருக்கும் வெளி சர்வருக்கு வயர்கார்டு மென்பொருள் மூலம் விபிஎன் (இணையத்தின் வழியே போகும் பாதுகாப்பான தனிப் பாதை) இணைப்பைத் தொடங்குங்கள். உள்ளிருந்து வெளியே போவதால் அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரிகூடத் தேவையில்லை. அதில் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது சிறு சமிக்ஞை அனுப்பும் அமைப்பு) 25 நொடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் இணைப்பை ரூட்டர் மறந்துவிடும்.

ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் விபிஎன் நிறுவ முடியாது. சரக்கு இருப்பைக் காட்டத்தான் என்றால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை தரவை அனுப்பி அங்கேயே ஒரு நகல் வைத்துவிடுவேன். அலுவலகத்தில் மின்சாரம் போனாலும் தளம் நிற்காது.