பலகையைக் கழற்றிய பெரியவர்

அன்புள்ள சார்,

ஐடி வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அல்சூர் பக்கம் ஒரு தமிழ்க் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கும் அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். போன மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்து ரோண்டோ என்ற கறுப்பர் குடியிருப்பைப் பற்றிப் படம் காட்டி, உங்கள் பகுதியின் அநீதி வரலாற்றிலிருந்து வேலையைத் தொடங்குங்கள் என்றார்கள். இங்கே ஏது சார் நிறவெறி? 1991இல் இங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். தமிழ் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்றால், கன்னடமும் இங்கிலீஷும் போதும் என்கிறார்கள் பெற்றோர். ஆறின புண்ணைக் கிளறத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

ரோண்டோ கதையில் உங்களுக்குக் காட்டாமல் விட்டது ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன். ஐ-94 நெடுஞ்சாலைக்காக 1950களிலும் 60களிலும் அந்தக் குடியிருப்பை நடுவில் பிளந்தார்கள், 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. வடக்கே ரயில் பாதையை ஒட்டிக் கொண்டுபோகலாம் என்று நகரத் திட்டப் பொறியாளரே சொல்லியும் யாரும் கேட்கவில்லை. இவ்வளவும் படத்தில் வந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. 1983இல் பழைய ரோண்டோக்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் விழா தொடங்கியது. 1993இல் ஒரு நில அறக்கட்டளை வந்தது. நிலம் அறக்கட்டளைக்கு, அதன்மேல் நிற்கும் வீடு குடும்பத்துக்கு, விற்றாலும் அடுத்து வரும் ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று ஏற்பாடு. பறிபோனது வீடு என்பதால் வேலையும் வீட்டைச் சுற்றியே அமைந்தது. அங்கே போய் யாராவது ஓவியப் போட்டி நடத்திவிட்டு வந்திருந்தால் எப்படியிருக்கும், யோசியுங்கள்.

இங்கே ஏது நிறவெறி என்கிறீர்கள். நீங்கள் சனிக்கிழமை போகிற இடமே கன்டோன்மென்ட்தானே. 1809இல் வெள்ளைக்காரன் பட்டாளத்தை இங்கே கொண்டுவந்ததிலிருந்து பேட்டை என்கிற பழைய ஊர் தனி, பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் தனி, இரண்டையும் 1949இல்தான் ஒரே மாநகராட்சியாகச் சேர்த்தார்கள். பட்டாளத்தோடு வந்த சமையல்காரர், கொத்தனார், குதிரைக்காரர், தோட்டி என்று நம் ஆட்கள் ஏராளம். விசாலமான பங்களா துரைக்கு, நெருக்கடியான சந்து இவர்களுக்கு. சிவாஜிநகருக்கு அப்போது பிளாக்பள்ளி என்று பெயர் (கன்னடத்தில் 'பிளி அக்கி', அதாவது வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்று வேறு விளக்கமும் சொல்வார்கள், அது இருக்கட்டும்). இதில் மலம் அள்ளுகிற வேலை யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால் நிறத்துக்குக் கீழே சாதி உட்கார்ந்திருக்கும், அதனால் அமெரிக்கச் சட்டையை அப்படியே நமக்கு மாட்டிவிட முடியாது என்பதும் உண்மைதான்.

1991க்கு வருகிறேன். காவிரி இடைக்காலத் தீர்ப்பு டிசம்பரில் அரசிதழில் வந்ததும் இந்த நகரத்தில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அது முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து, நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு குடியிருப்பில் படிப்பகம் திறந்தோம். வாசலில் பெரிய தமிழ்ப் பலகை, மஞ்சளில் சிவப்பு எழுத்து, நானே ஆள் வைத்து எழுதினது. மறுநாள் போனால் பலகையைக் காணோம். அந்தத் தெருப் பெரியவர் ஒருவரே ராத்திரியோடு கழற்றித் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, தாய்மொழி அது இது என்று ஏதேதோ பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து டீ குடிக்கும்போது, "அந்த வருஷம் என் கடைப் பெயரை நானே தார் பூசி அழிச்சேன் தம்பி" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்வது, அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்காதீர்கள், மைக்கை நீட்டாதீர்கள். பேசாமல் இருப்பது அவர்கள் உரிமை. வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான், அதுவும் என்ன வேலை செய்யக்கூடாது என்று புரிவதற்காகவாவது. கன்னடம் போதும் என்று ஒரு தாய் சொல்வதில் தமிழ்ப்பற்றுக் குறைவைத் தேடாதீர்கள். நல்ல கன்னட டீச்சராகப் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கட்டும், வேண்டுகிற பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. அந்தக் குடியிருப்பில் எத்தனை வீட்டுக்கு ஹக்குப் பத்திரம், அதாவது அரசு தரும் குடியிருப்பு உரிமைப் பத்திரம் இருக்கிறது என்று விசாரித்தீர்களா? அரசின் குடிசைப் பகுதி வாரியமான ஸ்லம் போர்டு அறிவித்த பகுதிதானா அது? 2013 ஜனவரியில் இதே பெங்களூரு ஈஜிபுராவில் ஏழைகள் குடியிருப்பை இடிக்கப் புல்டோசர் வந்தபோது வீட்டை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனையோ பிள்ளைகள், அதுவும் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில். ட்யூஷனை நிறுத்தச் சொல்லவில்லை. பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருக்கும் பழைய ரேஷன் கார்டையும் வரி ரசீதையும் நகலெடுத்து அடுக்கித் தர உங்கள் ஐடி நண்பர்கள் நாலு பேர் வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஸ்கேனர் போதும்.